ரெட்டைப் புள்ளைங்க, ஒரே குப்பி எம்ஆர் ஊசி: ஒருத்தனுக்கு காய்ச்சல், ஒருத்திக்கு ஒன்னுமே இல்ல. ஊசி புடிச்சுச்சா இல்லையா?

பாமணிக்கரை (மன்னார்குடி பக்கம்)

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு ரெட்டைப் புள்ளைங்க, ஒரு பையன் ஒரு பொண்ணு. 9 மாசம் முடிஞ்சதும் ஊர்ல புதன்கிழமை ஊசி போடுற எடத்துல ரெண்டு பேருக்கும் எம்ஆர் (தட்டம்மை, ரூபெல்லா ரெண்டுக்கும் சேத்து போடுற ஊசி) போட்டோம். ஒரே நர்ஸு, ஒரே குப்பி, அடுத்தடுத்து போட்டாங்க, வைட்டமின் ஏ சொட்டும் குடுத்தாங்க. அன்னிக்கு ராத்திரி ரெண்டும் நல்லா தூங்குச்சு, நானும் சரி முடிஞ்சதுன்னு இருந்துட்டேன். ஒரு வாரம் தாண்டி பையனுக்கு உடம்பு நெருப்பா கொதிக்குது, அப்பறம் கழுத்துலயும் நெஞ்சுலயும் செவப்பா பொரிப்பொரியா வந்து தானாவே அமுங்கிடுச்சு. பொண்ணுக்கு ஒரு சூடு கூட இல்ல, அவ பாட்டுக்கு வெளையாடிட்டு இருந்தா.

இப்ப 16 மாசம் ஆச்சு, ரெண்டாவது ஊசிக்கு கூப்புடுறாங்க. எங்க அத்தை பையனுக்கு அது ஒத்துக்கல அவனுக்கு போடவே போடாதங்கிறாங்க. அவங்களே பொண்ணுக்கு அது புடிக்கவே இல்ல, அவளுக்கு போட்டது வீணுங்கிறாங்க. ரெண்டும் எப்படி ஒரே வாயில வருதுன்னு தெரியல, ஆனா எனக்கும் குழப்பம்தான். லேப்ல ரத்தம் குடுத்து பாத்துக்கலாமா?

இன்னொன்னு, எங்க ஓரகத்தி பையன் 4 வயசு, கிட்னில நெஃப்ரோடிக்னு சொல்லி ஸ்டீராய்டு மாத்திரைல இருக்கான். ஒரே வீடு, ஒரே கூடம். இது உயிருள்ள கிருமி ஊசின்னு சொல்றாங்களே, எம்புள்ளைங்களுக்கு போட்டா அவனுக்கு ஒட்டிக்காதா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

திருத்துறைப்பூண்டி_ராணி

நானும் இதையேதான் கேக்கணும்னு இருந்தேன், ஃபாலோ பண்றேன்.

குடமுருட்டி அக்கா

தங்கச்சி, நான் பாபநாசம் பக்கம் விஹெச்என் (கிராம சுகாதார நர்ஸு) வேலை பாத்து ரிட்டயர் ஆனவ, இந்த கேள்விய கேக்காத மாமியாரே கெடையாது.

மொதல்ல பையன் விஷயம். எம்ஆர் ஊசி போட்ட அன்னிக்கு காய்ச்சல் வராது, அது வர்ற காலம் 7லேருந்து 12 நாளுக்குள்ள. ஏன்னா அதுல இருக்குறது வலுவ கொறச்ச வைரஸ், உள்ள போயி கொஞ்சம் பெருகுனாத்தான் உடம்பு அதை கண்டுக்கும், பெருக அந்த நாளு வேணும். 100 புள்ளைங்களுக்கு போட்டா 5லேருந்து 15 பேருக்கு நல்ல காய்ச்சல் அடிக்கும், 5 பேரு போல பொரி வரும். அந்த பொரிலேருந்து அடுத்தவங்களுக்கு ஒட்டுனதா இதுவரைக்கும் பதிவு இல்ல. அதனால ஓரகத்தி பையனுக்கு எம்ஆர்னால பயம் இல்ல. சொல்லப்போனா வீட்டுல இருக்குற மத்த புள்ளைங்களுக்கு கரெக்டா போட்டாத்தான் அவனுக்கு பாதுகாப்பு, வெளியிலேருந்து நெஜ தட்டம்மைய யாரும் வீட்டுக்குள்ள கொண்டாராம இருப்பாங்க.

பொண்ணு விஷயம். காய்ச்சல் வரலன்னா புடிக்கலன்னு அர்த்தமே இல்லம்மா. முக்காவாசி புள்ளைங்களுக்கு ஒரு சூடும் வராது, ஆனா எதிர்ப்பு நல்லாவே வந்துருக்கும். நாத்தங்கால்லேருந்து ஒரே கட்டு நாத்த பறிச்சு பக்கத்து பக்கத்து வயல்ல நடுறோம், ஒன்னு சரசரன்னு தூர் கட்டும் இன்னொன்னு மெதுவா வரும், அறுப்புல ரெண்டும் நெல்லு குடுக்கும். அந்த மாதிரிதான்.

குப்பி மேல சந்தேகப்படாத. எம்ஆர் குப்பில அடியில வெள்ளையா பவுடர் ஒட்டிக்கிட்டு இருக்கும், கூட வர்ற தண்ணிய அதுல ஏத்தி மெதுவா சுத்தி கலந்து, கலந்த மணி எத்தனைன்னு லேபிள் மேல பேனாவால எழுதிடுவோம். அப்பறம் ஊசி எடுத்துட்டு போற கேரியர் பெட்டி மேல இருக்குற ஸ்பாஞ்சுல குத்தி வச்சுருப்போம், அடியில ஐஸ் பேக். 4 மணி நேரம் தாண்டுனா மிச்சம் எத்தனை டோஸ் இருந்தாலும் கீழதான் போவும். வெயில், சூடு ரெண்டும் இந்த ஊசிக்கு எமன். ஆனா ஒரே குப்பிலேருந்து அடுத்தடுத்து எடுத்து உன் பையனுக்கு காய்ச்சல் வந்துருக்குன்னா அதுல வைரஸ் உசுரோடதான் இருந்துருக்கு.

ரெண்டாவது ஊசி ரெண்டு பேருக்குமே போடு. எங்கள்ட்ட ட்ரெய்னிங்ல அடிச்சு அடிச்சு சொன்னது இதுதான்: 9 மாசத்துல போடுற ஊசி 100ல 85 பேருக்குத்தான் புடிக்கும், மீதி 15 பேரு யாருன்னு மூஞ்சிய பாத்து சொல்ல முடியாது. அந்த 15 பேருக்காகத்தான் எல்லாருக்கும் ரெண்டாவது. ரெண்டும் போட்டா 97 வரைக்கும் போவும்.

வெட்டாறு

நர்ஸம்மா சொன்னது அத்தனையும் கரெக்ட். நான் மைக்ரோபயாலஜி படிச்சவன், திருவாரூர். அக்கா கேட்டதுல நெஜமான கேள்வி 'ஏன் ஆளுக்கு ஆளு மாறுது'ங்கிறது, அதை கொஞ்சம் விரிவா எழுதுறேன், பொறுமை இருந்தா படிங்க.

மொதல் காரணம் அம்மாகிட்டேருந்து வந்த ஆன்டிபாடி, அதாவது கிருமிய எதிர்க்க ரத்தத்துல இருக்குற புரதம். வயித்துல இருக்கும்போது கடைசி மூணு மாசத்துலதான் அம்மாவோட ஐஜிஜிங்கிற ஆன்டிபாடி நஞ்சுக்கொடி வழியா புள்ளைக்கு நெறைய போவும். பொறந்தப்பறம் அது கொஞ்சம் கொஞ்சமா கரையும். கரையாம மிச்சம் இருந்துச்சுன்னா ஊசில வந்த வைரஸ அது பெருக விடாம புடிச்சு அழிச்சுடும், புள்ளையோட சொந்த எதிர்ப்புக்கு வேலையே இல்லாம போயிடும். 9 மாசம்னு கணக்கு வச்சதே இதனாலதான். இன்னும் முன்னாடி போட்டா நெறைய பேருக்கு புடிக்காது, இன்னும் தள்ளி போட்டா நல்லா புடிக்கும் ஆனா அதுக்குள்ள நெஜ நோய் வந்துடும். சின்ன வயசுல தட்டம்மை வந்து பொழைச்ச அம்மாங்களுக்கு ஆன்டிபாடி ஜாஸ்தி, ஊசி போட்டுக்கிட்ட அம்மாங்களுக்கு அதைவிட கம்மி, அதனால இப்பத்தி புள்ளைங்களுக்கு அது சீக்கிரம் கரையுது. குறைமாசத்துல பொறந்த புள்ளைக்கு மொதல்லயே கம்மியாத்தான் வந்துருக்கும்.

ஆனா அக்கா, உங்களுக்கு ஒரே வயிறு ஒரே அம்மா, அப்ப அது மட்டும் காரணமா இருக்க முடியாது. ரெண்டாவது காரணம் பரம்பரை. உங்களது ஆணு பொண்ணு ரெட்டை, அப்ப அச்சு அசல் ரெட்டை இல்ல, சாதாரண அண்ணன் தங்கச்சி மாதிரிதான் ஜீன். அமெரிக்கால மேயோ கிளினிக் ஆளுங்க ரெட்டைப் புள்ளைங்கள வச்சே 2001ல ஒரு ஆராய்ச்சி போட்டாங்க. தட்டம்மை ஊசிக்கு ஆன்டிபாடி எவ்வளவு வருதுங்கிறதுல இருக்குற வித்தியாசத்துல கிட்டத்தட்ட 90 சதவீதம் பரம்பரைலேருந்து வருதுன்னு கணக்கு வந்துச்சு. அதே ஊசில இருக்குற ரூபெல்லாவுக்கு அதுல பாதிதான். அப்ப ஒரே ஆளு தட்டம்மைக்கு நல்லா எதிர்ப்பு காட்டிட்டு ரூபெல்லாவுக்கு சுமாரா காட்டலாம். 'எம்புள்ளைக்கு எதிர்ப்பு சக்தி ஜாஸ்தி', 'உன் புள்ளைக்கு கம்மி'ன்னு மொத்தமா பேசுறதே தப்பு. கிருமிக்கு கிருமி மாறும்.

எந்த ஜீன்னா, ஹெச்எல்ஏன்னு ஒரு குடும்பம், வைரஸோட துண்ட எடுத்து டி செல்லுங்கிற எதிர்ப்பு செல்லுக்கு காட்டுற வேலை அதுக்கு. ஆளுக்கு ஆளு அது வேற, அதனால எந்த துண்டு எவ்வளவு நல்லா தெரியுதுங்கிறதும் வேற. இன்னொன்னு சிடி46, ஊசில இருக்குற தட்டம்மை வைரஸ் செல்லுக்குள்ள நுழையிற கதவு. 2014ல டென்மார்க்ல பாத்தாங்க, எம்எம்ஆர் (எம்ஆரோட பொன்னுக்கு வீங்கியும் சேந்தது) ஊசிக்கு அப்பறம் காய்ச்சல் வலிப்பு வந்த புள்ளைங்களுக்கு இந்த சிடி46 பக்கத்துலயும் வைரஸ எதிர்க்கிற இன்டர்ஃபெரான் சம்பந்தப்பட்ட ஐஎஃப்ஐ44எல்ங்கிற ஜீன்லயும் சின்ன வித்தியாசம் ஜாஸ்தியா இருந்துச்சு. அப்ப காய்ச்சல் அடிக்கிறதுக்கும் உடம்பு வாகுக்கும் சம்பந்தம் இருக்கு, அத்தை சொல்றதுல துளி உண்மை இருக்கு. ஆனா அவங்க எடுத்த முடிவு தப்பு. பையனுக்கு மொதல் ஊசி புடிச்சுருந்தா ரெண்டாவது தடவை வைரஸ் உள்ள போனவுடனே தயாரா இருக்குற ஆன்டிபாடி அமுக்கிடும், திரும்ப அந்த மாதிரி காய்ச்சல் வர வாய்ப்பு ரொம்ப கம்மி.

லேப் டெஸ்ட் வேண்டாம். ஐஜிஜி பாத்தா ஆன்டிபாடி மட்டும்தான் தெரியும், டி செல் பக்கம் நடந்தது தெரியாது, சாதா கிட்ல கம்மியா காட்டுறவங்களுக்கும் பாதுகாப்பு இருக்கலாம். எப்படி வந்தாலும் ரெண்டாவது ஊசி போடத்தான் போறீங்க, அந்த காசுக்கு புள்ளைங்களுக்கு முட்டை வாங்கிக் குடுங்க.

வலங்கைமான் பெரியவர்

எல்லாம் சரி, எங்க காலத்துல எல்லாருக்கும் மணல்வாரி (தட்டம்மைதான்) வந்துச்சு, வாசல்ல வேப்பிலை கட்டுவோம், எறங்குனதும் மஞ்சத்தண்ணி வேப்பிலை போட்டு தலைக்கு ஊத்துவோம், ஆத்தா பாத்துக்குவா. அப்பறம் ஆயுசுக்கும் வராது. இயற்கையா வர்ற எதிர்ப்புதான் கெட்டி, ஊசில 85, 97ன்னு நீங்களே சொல்றீங்க.

குடமுருட்டி அக்கா

ஐயா, வேப்பிலை கட்டுங்க, தண்ணி ஊத்துங்க, பங்குனில உங்க ஊரு கோயில்ல பாடைக்காவடி எடுக்குறதையும் நான் வேண்டாம்னு சொல்லல, நானே வந்து நின்னுருக்கேன். ஆனா எல்லாருக்கும் வந்துச்சுன்னு சொல்றீங்களே, வந்தவங்க எல்லாரும் தண்ணி ஊத்திக்கிட்டாங்களா? நிமோனியா கண்டு போன புள்ளைங்க கணக்கு பொழைச்சவங்க வாயிலேருந்து வராது. 2017 பிப்ரவரில தமிழ்நாட்டுல எம்ஆர் கேம்ப் போட்டப்ப வாட்ஸப்ல வந்த வதந்திக்கு வீடு வீடா போயி பதில் சொல்லி எனக்கு தொண்டையே போயிடுச்சு, அப்பயும் இதையேதான் சொன்னாங்க.

வெட்டாறு

ஐயாவுக்கு ஒன்னு சேத்து சொல்றேன். நெஜ தட்டம்மை வந்தா தட்டம்மைக்கு எதிர்ப்பு கெட்டியா வரும், உண்மை. ஆனா அது மத்த கிருமிங்களுக்கு உடம்பு சேத்து வச்சுருந்த ஆன்டிபாடிய அழிச்சுட்டு போவும். 2019ல நெதர்லாந்துல ஊசி போடாத புள்ளைங்கள நோய்க்கு முன்ன பின்ன ரத்தம் எடுத்து பாத்ததுல 11லேருந்து 73 சதவீதம் வரைக்கும் பழைய ஆன்டிபாடி போயிருந்துச்சு. அதுலயும் பாருங்க, ஒரு புள்ளைக்கு 11, ஒரு புள்ளைக்கு 73. ஆளுக்கு ஆளு மாறுற கதை நோய்லயும் இருக்கு. ஊசி வைரஸ் அந்த அழிவ பண்ணல.

அரசலாறு (கும்பகோணம்)

சிஸ்டர், எம்பையனுக்கும் நெஃப்ரோடிக் வந்து சரியானது, அதனால உங்க ஓரகத்தி பையனுக்காக எழுதுறேன். உங்க ட்வின்ஸ் கவலை சின்னது, அவன் விஷயம்தான் இங்க பெருசு.

ஒரு நாளைக்கு ஒரு கிலோ எடைக்கு 2 மில்லிகிராம், இல்ல மொத்தமா 20 மில்லிகிராம், இந்த அளவோ அதுக்கு மேலயோ ப்ரெட்னிசலோன்ங்கிற ஸ்டீராய்டு 14 நாளைக்கு கொறையாம குடுத்தா அந்த புள்ளைக்கு உயிருள்ள ஊசி எதுவும் போடக்கூடாது. எம்ஆர், சின்னம்மை ஊசி எல்லாம் இதுல வரும். மாத்திரை நிறுத்தி 4 வாரமாவது போனப்பறம்தான். காரணம் நேத்தி வரைக்கும் எல்லாருக்கும் சாதுவா இருந்த ஊசி வைரஸ் எதிர்ப்பு அமுங்கிப் போன உடம்புல நிக்காம பெருகிடலாம். ஆஸ்துமாவுக்கு இழுக்குற பஃப், தோலுக்கு போடுற கிரீம் இதெல்லாம் அந்த கணக்குல வராது, அதை சொல்லி ஊசிய தள்ளிப் போடாதீங்க.

எங்களுக்கு நடந்தது என்னன்னா, ஒரு தனியார் கிளினிக்ல சாதா செக்கப்புக்கு போனப்ப சின்னம்மை ஊசி போட்டுடலாம்னு எடுத்தே வச்சுட்டாங்க, என்ன மாத்திரை சாப்டுறான்னு யாரும் கேக்கல. எம்பொண்டாட்டிதான் ஸ்டீராய்டு சீட்ட எடுத்து நீட்டுனா. அதுலேருந்து தடுப்பூசி அட்டை முன்பக்கத்துலயே செவப்பு பேனாவால 'ஸ்டீராய்டு'ன்னும் ஆரம்பிச்ச தேதியும் எழுதி வச்சோம். உங்க ஓரகத்தியையும் எழுதச் சொல்லுங்க.

ரெண்டு விஷயம் அவங்க டாக்டர்ட்ட முன்கூட்டியே கேட்டு வச்சுக்கங்க. ஒன்னு போலியோ சொட்டு. வாய்வழி சொட்டுல இருக்குறதும் உயிருள்ள வைரஸ்தான், ஆனா எம்ஆர் மாதிரி இல்ல, குடிச்ச புள்ளையோட மலத்துல கொஞ்ச வாரம் வெளிய வரும், வீட்டுல எதிர்ப்பு கொறைஞ்ச புள்ளை இருந்தா கவனிக்கணும். உங்க ட்வின்ஸுக்கு 16 மாசத்துல சொட்டு பூஸ்டரும் வரும், அதுக்கு பதிலா ஊசி போலியோ போடலாமான்னு கேளுங்க. எங்களுக்கு பெரியவளுக்கு அப்படித்தான் பண்ணாங்க. ரெண்டு, தெருவுல யாருக்காவது அம்மை போட்டுருந்து இந்த பையன் பக்கத்துல போயிட்டான்னா பொரி வரட்டும்னு காத்திருக்காதீங்க, அன்னிக்கே டாக்டர்ட்ட போவணும். ஸ்டீராய்டுல இருக்குற புள்ளைக்கு சின்னம்மை சும்மா வேப்பிலைல எறங்குற சமாச்சாரம் இல்ல.

நாகை கப்பல்காரன்

இதை படிச்சதும் எனக்கு மஞ்சக் காய்ச்சல் (யெல்லோ ஃபீவர்) ஊசி ஞாபகம் வருது. ஆப்பிரிக்கா பக்கம் கப்பல் போறவனுக்கு அது இல்லாம ஆவாது, கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்ல போட்டேன். ஊசி போட எடுத்த நேரத்தவிட கேள்வி கேட்ட நேரம் ஜாஸ்தி. வயசு என்ன, முட்டை ஒத்துக்குமா, கேன்சர் மருந்து சாப்டுறீங்களா, தைமஸ் ஆபரேஷன் நடந்துருக்கான்னு. தைமஸுன்னா நெஞ்சுக்குள்ள இருக்குற எதிர்ப்பு சக்தி சுரப்பின்னு எனக்கு அன்னிக்குதான் தெரியும். 60 வயசுக்கு மேல மொத தடவையா போடுறவங்கள ரொம்ப யோசிச்சுத்தான் போடுறாங்க. எதுக்கு இவ்வளவு?

வெட்டாறு

அண்ணே நல்ல கேள்வி. அந்த ஊசில இருக்குறது 17டிங்கிற வைரஸ், மேக்ஸ் தைலர் 1930கள்ல உருவாக்குனது, அதுக்கு அவருக்கு 1951ல நோபல் குடுத்தாங்க. கோடிக்கணக்கான பேரு போட்டு ஒரு தடவை போட்டா ஆயுசுக்கும் போதும்ங்கிற அளவுக்கு நல்ல ஊசி. ஆனா சில லட்சம் பேருல ஒருத்தர்ங்கிற மாதிரி அபூர்வமா சிலருக்கு ஊசி வைரஸே உள்ளுறுப்பு எல்லாம் பரவி நெஜ மஞ்சக் காய்ச்சல் மாதிரி ஆயிடும். ஏன் அவங்களுக்கு மட்டும்னு ரொம்ப நாளா தெரியல. இப்ப கொஞ்சம் வெளிச்சம் வந்துருக்கு. வைரஸ் நுழைஞ்சதும் செல்லு மொதல்ல அடிக்கிற அபாய மணி இன்டர்ஃபெரான். அந்த மணிய கேக்குற ஐஎஃப்என்ஏஆர்1, ஐஎஃப்என்ஏஆர்2 ஜீன் பொறவிலயே கெட்டுப் போன சிலருக்கு எம்எம்ஆர், மஞ்சக் காய்ச்சல் ஊசி ரெண்டுமே கடுமையா போயிருக்கு. இன்னும் சிலருக்கு ஜீன் நல்லாத்தான் இருக்கு, ஆனா அவங்க உடம்பே தன் இன்டர்ஃபெரானுக்கு எதிரா ஆன்டிபாடி செஞ்சு வச்சுருக்கு. 2021ல வந்த ஆராய்ச்சில அந்த மாதிரி பாதிக்கப்பட்ட 8 பேருல 3 பேருக்கு அது இருந்துச்சு. வயசானவங்களுக்கு அது ஜாஸ்தி, தைமஸ் கோளாறு உள்ளவங்களுக்கும் ஜாஸ்தி. உங்கள கேட்டதுல வயசு, தைமஸ் கேள்விக்கு இது பொருந்துது.

இன்னொரு பக்கம் குடல் கதை. வாய்வழி குடுக்குற உயிருள்ள மருந்து நம்ம ஊர்ல எப்பவுமே கொஞ்சம் மந்தம். வேலூர் சிஎம்சில டாக்டர் ஜேக்கப் ஜான் 1970கள்லயே சொன்னாரு, மேல்நாட்டுல மூணு டோஸ் சொட்டுல வர்ற எதிர்ப்பு இங்க புள்ளைங்களுக்கு வரலன்னு. குடல்ல ஏற்கெனவே வேற வைரஸ், பேதி, ஓயாத அழற்சி, தாய்ப்பால்ல வர்ற ஆன்டிபாடி, எல்லாம் சேந்து சொட்டு வைரஸ குடியேற விடாது. அதனாலதான் திரும்பத் திரும்ப போலியோ முகாம் போட்டாங்க, 2011 ஜனவரில ஹவுராவுல கடைசி கேஸ், 2014ல போலியோ இல்லன்னு சர்டிஃபிகேட். ரோட்டா வைரஸ் பேதிக்கு குடுக்குற சொட்டும் அப்படித்தான், மேல்நாட்டுல 85க்கு மேல வேலை செய்யிற எடத்துல நம்ம ரோட்டாவேக் டெல்லி, புனே, வேலூர்ல நடந்த ட்ரையல்ல மொத வருஷம் 56 சதவீதம். கேக்க கம்மியா தெரியும். ஆனா பேதில ஆஸ்பத்திரில சேக்குற புள்ளைங்க இவ்வளவு இருக்குற நாட்டுல அந்த பாதி சும்மா இல்ல.

பாமணிக்கரை

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அத்தைக்கு குடமுருட்டி அக்கா எழுதுனத அப்படியே படிச்சு காட்டுனேன், நாத்து எடத்துல மட்டும் தலைய ஆட்டுனாங்க, சரி வர்ற புதன்கிழமை போயிட்டு வாங்கன்னுட்டாங்க. ஓரகத்தி அட்டைல செவப்பு பேனாவால எழுதிட்டா, சொட்டு பத்தி டாக்டர்ட்ட கேக்கப் போறா.

இன்னொன்னு மட்டும். எங்க நாத்தனார் பொண்ணுக்கு டெங்கு வந்து தஞ்சாவூர்ல சேத்து தட்டணுக்கள் ஏத்துனாங்க, போன மாசம்தான் டிஸ்சார்ஜ். அவளுக்கும் 16 மாச எம்ஆர் வருது. அவளையும் கூட கூட்டிட்டு போயிடலாமா?

குடமுருட்டி அக்கா

கூட்டிட்டு போயி காட்டு, ஆனா ரத்தம் ஏத்துன சங்கதிய மொதல்ல சொல்லிடு, ஊசிக்கு உக்காருறதுக்கு முன்னாடியே. வெட்டாறு தம்பி சொன்ன அம்மா ஆன்டிபாடி கதைதான் இங்கயும். ரத்தம் குடுத்தவரோட ஆன்டிபாடி இவ உடம்புல சுத்திக்கிட்டு இருக்கும், அது எம்ஆர் வைரஸ பெருக விடாது, போட்டதும் போடாததும் ஒன்னாயிடும். அவளுக்கு ஆபத்து இல்ல, ஊசிதான் வீண். செவப்பணு ஏத்துனா 6 மாசம், தட்டணு இல்ல பிளாஸ்மா ஏத்துனா 7 மாசம் தள்ளச் சொல்லுவாங்க, ஐவிஐஜிங்கிற ஆன்டிபாடி மருந்த நரம்புல குடுத்துருந்தா இன்னும் ஜாஸ்தி. சொட்டு மருந்துக்கும் டிபிடிக்கும் இந்த தள்ளல் கெடையாது, அதை அன்னிக்கே போட்டுக்கலாம். ஊர்ல தட்டம்மை பரவுற நேரமா இருந்தா டாக்டர் வேற மாதிரி முடிவு எடுப்பாரு. டிஸ்சார்ஜ் சம்மரி கைல இருக்கட்டும், என்ன ஏத்துனாங்க எந்த தேதின்னு அதுல இருக்கும். 7 மாசம் எந்த தேதில முடியுதோ அதை நர்ஸ்ட்டயே அட்டைல எழுதி வாங்கிக்க.